ரூம்மேட்டா, காதலனா? கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரும் 'ஸ்பெஷல்' விருந்தாளி!

டிசம்பர் 20-ம் தேதிக்கு மேல் சென்னையிலிருந்து தேனிக்கு டிக்கெட் கிடைப்பது லாட்டரி அடித்த மாதிரி. அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் சேர்ந்து வரும் வாரம் அது. ஆம்னி பஸ்ஸோ, போடி ரயிலோ, எதையோ பிடித்து வந்து தேனியில் இறங்கி, கம்பம் ரோட்டில் பழனிசெட்டிபட்டி வந்து சேரும்போது முல்லைப்பெரியாற்றுக் காற்று சிலுசிலுவென்று முகத்தில் அடிக்கும். பையை இறக்கி வைத்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" கையில் கொடுத்த காபி ஆறுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். "வயசு ஏறிக்கிட்டே போகுதே, எப்பத்தான் கல்யாணம் பண்ணிக்கப் போற?"

இந்த இரண்டாவது கேள்வியை வைத்தே அமெரிக்காவில் ஒரு சினிமாத் தொழில் ஓடுகிறது என்றால் நம்புவீர்களா? கிறிஸ்துமஸ் ரொமான்டிக் காமெடி என்று அதற்குப் பெயர். நகரத்தில் வேலை பார்க்கும் ஒருவர் பண்டிகைக்குச் சொந்த ஊருக்கு வருவார். வீட்டில் ஆளாளுக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள். பனி கொட்டும், கேக் வெட்டுவார்கள், மரத்தில் சீரியல் லைட் எரியும் நேரமாகப் பார்த்து காதல் கைகூடும். அவ்வளவுதான் கதை. ஹால்மார்க் என்ற சேனல் மட்டுமே ஆண்டுதோறும் ஏகப்பட்ட படங்களை இப்படி எடுத்துத் தள்ளுகிறது. அக்டோபரிலேயே ஒளிபரப்பைத் தொடங்கிவிடுவார்கள், நம் ஊர் ஜவுளிக்கடை தீபாவளி விளம்பரம் மாதிரி.

இந்தக் கூட்டத்துக்குள் 2020 வாக்கில் ஒரு புது கோஷ்டி நுழைந்தது. பண்டிகைக்கு வரும் மகன் கூடவே கூட்டி வருவது ஒரு பெண்ணை அல்ல, இன்னொரு ஆணை. சில படங்களில் மகள் கூட்டி வருவது இன்னொரு பெண்ணை. அதே பனி, அதே கேக், அதே கல்யாணப் பேச்சு. சோகம் இல்லை, சாவு இல்லை, கடைசியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். தன்பாலீர்ப்பாளர்களின் கதை என்றாலே கண்ணீரும் தற்கொலையும்தான் என்றிருந்த சினிமாவில் இது சின்ன மாற்றம் இல்லை.

இவை ஓ.டி.டி-யிலும் டி.வி-யிலும் வந்த படங்கள். தியேட்டர் வாசலில் யாரும் யாரையும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனிலேயே பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்கிறவர்களுக்கும், பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கும் அம்மா அப்பாவுக்கும் இந்தப் படங்களில் என்ன இருக்கிறது? (ஸ்பாய்லர் அலர்ட்: இனி வரும் பத்திகளில் படங்களின் கதை முழுவதும் வரும்.)

அம்மா பார்த்த மாப்பிள்ளை!

2021 டிசம்பர் 2-ம் தேதி நெட்ஃப்ளிக்ஸில் வெளியான படம் 'சிங்கிள் ஆல் த வே'. ஆண் - ஆண் காதலை மையமாக வைத்து நெட்ஃப்ளிக்ஸ் எடுத்த முதல் கிறிஸ்துமஸ் ரொமான்டிக் காமெடி இது. ஹீரோ பீட்டர் (மைக்கேல் யூரி) லாஸ் ஏஞ்சல்ஸில் வேலை பார்க்கிறான். காதலன் ஒருவனை இந்த முறை ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்று ஆசையாக இருக்கும்போதுதான் தெரிகிறது, அந்த ஆள் ஏற்கெனவே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்தவன் என்று. நொந்துபோன பீட்டர், தன் ரூம்மேட்டும் நெருங்கிய நண்பனுமான நிக்கிடம் (ஃபிலிமன் சேம்பர்ஸ்) கெஞ்சுகிறான். "நாலு நாள் என் காதலனா நடிச்சுடுடா, வீட்ல தொல்லை தாங்கல" என்கிற ரகம்.

இருவரும் ஊருக்குப் போகிறார்கள். நடிப்பை ஆரம்பிக்கும் முன்பே அம்மா முந்திக்கொள்கிறார். மகனுக்கு அவரே ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார்! உள்ளூர் ஜிம் டிரெய்னர், பார்க்க ஜம்மென்று இருப்பான், பெயர் ஜேம்ஸ். ஜாதகம் மட்டும்தான் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் அப்பாவும், அக்கா மகள்களும் வேறு கணக்குப் போடுகிறார்கள். "இவனுக்குப் பக்கத்துலயே நிக் இருக்கான், இது ஏன் இவனுக்குத் தெரியல?" என்று இருவரையும் சேர்த்து வைக்க சதி வேலை நடக்கிறது. அம்மா கட்சி ஜேம்ஸ், அப்பா கட்சி நிக் என்று வீடே இரண்டாகிறது. நடுவில் ஜெனிஃபர் கூலிட்ஜ் நடித்த அத்தை, ஊர்ப் பிள்ளைகளை வைத்துக் கிறிஸ்து பிறப்பு நாடகம் போடுகிறேன் என்று அடிக்கும் கூத்து தனி டிராக்.

இந்தப் படத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பீட்டர் 'அப்படிப்பட்டவன்' என்பது அந்த வீட்டில் யாருக்கும் பிரச்னையே இல்லை. அது பழைய செய்தி. அவர்கள் கவலையெல்லாம் பையன் இன்னும் தனியாக இருக்கிறானே என்பதுதான். நமக்கு மிக நன்றாகத் தெரிந்த கவலை. அந்த அம்மா கேரக்டருக்கு ஒரு சேலையைக் கட்டிவிட்டால் அப்படியே தேனி மார்க்கெட்டில் காய்கறி வாங்க அனுப்பலாம்.

ஜேம்ஸாக நடித்த லூக் மெக்ஃபார்லேன் பற்றிய ஒரு தகவல் சுவாரஸ்யமானது. நிஜத்தில் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தவர் அவர். ஆனால், ஹால்மார்க் படங்களில் ஆண்டுக்கணக்கில் பெண்களைக் காதலிக்கும் ஹீரோவாகவே வந்துகொண்டிருந்தார். அந்த முகத்தை இந்தப் படத்தில் மாப்பிள்ளையாக உட்கார வைத்ததே ஒரு குறும்புதான். அடுத்த ஆண்டே 'ப்ரோஸ்' படத்தில் ஹீரோவானார். அந்தப் படத்தில் ஹால்மார்க் பாணி கிறிஸ்துமஸ் படங்களையே வைத்துக் கலாய்த்திருப்பார்கள்.

அங்கே நடிப்பு ஒரு மாதிரி, இங்கே வேறு மாதிரி

'சிங்கிள் ஆல் த வே' கதையை அப்படியே தமிழில் எடுக்க முடியாது. காரணம் கலாசாரம், கட்டுப்பாடு என்று யோசிக்க வேண்டாம். அந்தக் கதையின் அச்சாணியே இங்கே தலைகீழாகச் சுற்றுகிறது. அந்தப் படத்தில் நண்பன் காதலனாக நடிக்கிறான். இங்கே காதலன் நண்பனாக நடிக்கிறான்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பையன் பண்டிகைக்கு வரும்போது கூட வேலை பார்க்கும் இன்னொரு பையனைக் கூட்டி வந்தால், தமிழ் வீட்டில் அதைவிடச் சாதாரணமான விஷயம் வேறு இல்லை. "வாப்பா, உங்க ஊர் எது?" என்பார் அப்பா. அம்மா அவனுக்கும் சேர்த்துக் கறிக்குழம்பு வைப்பார். ராத்திரி ஒரே பாயில் இரண்டு தலையணை போட்டு, "ஃபேன் காத்து வருதாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போவார். காலையில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், "தம்பியோட ஃப்ரெண்டு, மெட்ராஸ்ல ஒண்ணாத் தங்கியிருக்காங்க" என்று பதில் வரும். யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. இதே வீட்டுக்கு ஒரு பையன் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தால் தெரு முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சு.

ஆக, தன்பாலீர்ப்புள்ள இரண்டு ஆண்களுக்கு 'ஃப்ரெண்டு' என்ற வார்த்தை இங்கே ஒரு பாதுகாப்பான போர்வை. ஆனால், போர்வைக்குள்ளேயே எத்தனை ஆண்டு இருப்பது? அதே பாயில் படுத்திருக்கும்போது அடுத்த அறையில் அப்பா தரகரிடம் பேசுவது காதில் விழும். "நீங்களாவது உங்க ஃப்ரெண்டுக்கு எடுத்துச் சொல்லுங்க தம்பி" என்று அம்மா காதலனிடமே வந்து நிற்பார். காமெடி சீன்தான். நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு மட்டும் சிரிப்பு வராது.

இந்தப் 'போர்வை' வாழ்க்கையைத் தொட்ட கிறிஸ்துமஸ் படமும் ஒன்று உண்டு. 2020 நவம்பரில் வெளியான 'ஹேப்பியஸ்ட் சீசன்'. 'ட்வைலைட்' புகழ் கிறிஸ்டன் ஸ்டூவர்ட்தான் ஹீரோயின், ஆபி. காதலி ஹார்ப்பர் (மெக்கன்ஸி டேவிஸ்) தன் பெற்றோர் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாட அழைக்கிறாள். மோதிரம் வாங்கி வைத்துக்கொண்டு, அங்கே வைத்து புரபோஸ் செய்யலாம் என்று கிளம்புகிறாள் ஆபி. பாதி வழியில் காரை ஓட்டிக்கொண்டே ஹார்ப்பர் குண்டைத் தூக்கிப் போடுகிறாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை! ஐந்து நாள் மட்டும் வெறும் ரூம்மேட் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டும். அப்பா மேயர் தேர்தலுக்கு நிற்கப் போகிறார், வீட்டில் கௌரவம் முக்கியம்.

அப்புறமென்ன, 'பாவம், அப்பா அம்மா இல்லாத பெண்' என்று அந்த வீடு ஆபியைப் பரிதாபத்தோடு வரவேற்கிறது. ஹார்ப்பரோ பழைய பாய்ஃப்ரெண்டோடு ஊர் சுற்றுகிறாள். தன் காதலி தன் கண் முன்னாலேயே வேறொருத்தியாக மாறுவதைப் பார்த்து ஆபி உடைந்துபோகிறாள். எல்லாம் கிறிஸ்துமஸ் விருந்தில் வெடிக்கிறது. அக்கா தங்கைகள் அடித்துப் புரண்டு, ஒருத்தி வரைந்த ஓவியத்தை இன்னொருத்தி தலையில் போட்டு உடைக்கும் அமளியில் உண்மை வெளியே வந்துவிடுகிறது.

படம் வந்தபோது பெரிய விவாதம் நடந்தது. இப்படி ஒளித்து வைத்த ஹார்ப்பரை ஆபி மன்னித்திருக்கவே கூடாது, ஆப்ரி பிளாசா நடித்த ரைலியோடு போயிருக்க வேண்டும் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். இதற்குப் படத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. ஆபியின் நண்பனாக வரும் டேன் லெவி, கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர், திடீரென்று நின்று நிதானமாக ஒன்று சொல்வார். வீட்டில் உண்மையைச் சொல்வது ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி இருக்கும். சிலரை அணைத்துக்கொள்வார்கள், சிலரை வெளியே தள்ளுவார்கள். சொல்வதற்கு முந்தைய நொடியில் இருக்கும் பயம் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. இயக்குநர் கிளியா டுவால் தன் சொந்த அனுபவத்திலிருந்து எடுத்த கதை இது. அதனால்தான் அந்தக் காட்சி மட்டும் காமெடிப் படத்துக்குள் வேறு எடையோடு நிற்கிறது. முழுப் படத்தைப் பார்க்க நேரமில்லை என்றாலும் அந்த ஒரு காட்சியைப் பெற்றோர்கள் பார்க்கலாம்.

விளம்பரத்தை நிறுத்தி, மன்னிப்பு கேட்டு...

அமெரிக்காவிலும் இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 2009-ல் 'மேக் த யூல்டைட் கே' என்று ஒரு சின்ன பட்ஜெட் படம் வந்தது. கல்லூரியில் வெளிப்படையாக இருக்கும் பையன், லீவுக்கு வீட்டுக்கு வந்ததும் ஆளே மாறி நல்ல பிள்ளையாக நடிக்கிறான். திடீரென்று காதலன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். இந்த வகைக்கான மொத்த ஃபார்முலாவும் அதிலேயே இருந்தது. ஆனால், பெரிய சேனல்கள் எதுவும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

2019 டிசம்பரில் ஒரு சம்பவம். இரண்டு மணப்பெண்கள் முத்தமிட்டுக்கொள்ளும் ஒரு திருமணத் தளத்தின் விளம்பரம் ஹால்மார்க்கில் ஓடியது. ஒரு அமைப்பு எதிர்ப்பு தெரிவித்ததும் சேனல் விளம்பரத்தை நிறுத்தியது. நிறுத்தியதற்கு அதைவிடப் பெரிய எதிர்ப்பு கிளம்ப, சில நாள்களிலேயே முடிவை மாற்றி மன்னிப்பு கேட்டது. அடுத்த கிறிஸ்துமஸுக்கே நிலைமை மாறியது. 2020-ல் ஹால்மார்க்கின் 'த கிறிஸ்துமஸ் ஹவுஸ்' படத்தில் குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்கும் ஆண் ஜோடி முக்கியப் பாத்திரமானது. லைஃப்டைம் சேனலின் 'த கிறிஸ்துமஸ் செட்டப்' படத்தில் பென் லூயிஸ், பிளேக் லீ என்று நிஜ வாழ்க்கையில் தம்பதியான இருவரே காதலர்களாக நடித்தார்கள். 2022-ல் 'த ஹாலிடே சிட்டர்' வந்தபோது ஹால்மார்க்கின் கதைநாயகர்களே ஆண் ஜோடி.

வியாபாரக் கணக்கு ஒரு பக்கம். இன்னொரு காரணம் சட்டம். ரொமான்டிக் காமெடி என்றால் முடிவில் மோதிரம் வேண்டும். 2015 ஜூன் 26-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்த பிறகுதான் அந்த மோதிரத்துக்கு அர்த்தம் வந்தது.

பண்ணைப்புரத்திலிருந்து கோவாவுக்கு!

சரி, நம்ம ஊர் சினிமா? தமிழில் தன்பாலீர்ப்பு நெடுங்காலம் இரண்டே வேலைகளுக்குப் பயன்பட்டது. ஒன்று, வில்லனை இன்னும் பயங்கரமாகக் காட்ட. 2006-ல் வந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தின் அமுதன், இளமாறன் ஜோடி அதற்கு உதாரணம். இன்னொன்று, ஹீரோவின் நண்பன் கண்ணடித்துச் சிரிக்க.

இந்த இரண்டுக்கும் நடுவில் வித்தியாசமாக ஒரு படம் இருக்கிறது. அதற்குத் தேனி கனெக்‌ஷனும் உண்டு. 2010 ஜனவரியில் வெளியான வெங்கட் பிரபுவின் 'கோவா'. ஜெய், வைபவ், பிரேம்ஜி மூவரும் ஊர்க் கட்டுப்பாடு பொறுக்காமல் வீட்டை விட்டு ஓடுவார்களே, அந்த ஊர் பண்ணைப்புரம். இளையராஜா, கங்கை அமரன் பிறந்த அதே பண்ணைப்புரம்தான். பழனிசெட்டிபட்டியிலிருந்து கம்பம் ரோட்டிலேயே போய், உத்தமபாளையம் தாண்டித் திரும்பினால் மலையடிவாரத்தில் இருக்கிறது. கங்கை அமரனின் மகன் தன் பூர்வீக ஊரைத்தான் படத்தில் வைத்தார்.

கோவாவில் இந்த மூவர் சந்திக்கும் ஜோடிதான் டேனியலும் ஜாக்கும். டேனியலாக சம்பத், ஜாக்காக அரவிந்த் ஆகாஷ். வில்லனாகவும் போலீஸாகவும் மிரட்டிக்கொண்டிருந்த சம்பத்தை இப்படி ஒரு பாத்திரத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊடல், பொறாமை, கோபித்துக்கொண்டு மூஞ்சியைத் திருப்புவது, சமாதானமாவது என்று அந்த ஜோடிக்கென ஒரு முழு காதல் டிராக் ஓடும். இன்று பார்த்தால் சில நகைச்சுவைகள் நெளிய வைக்கின்றன. நளினத்தைக் காட்டியே சிரிப்பு வாங்கும் பழைய பழக்கம் அதிலும் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் இருவரும் வில்லன்கள் இல்லை, நோயாளிகள் இல்லை, கடைசியில் சாகவும் இல்லை. மற்ற ஜோடிகளோடு ஒரு ஜோடியாக இருந்தார்கள். 2010 பொங்கல் முடிந்த கையோடு, குடும்பங்கள் வரும் தியேட்டரில், இது நடந்தது.

ஒரே ஒரு குறை. அந்தக் காதல் கோவாவில்தான் நடந்தது. பண்ணைப்புரத்தில் அல்ல. ஊரை விட்டு ஓடிப்போனால்தான் கண்ணில் படும் காதல் அது.

இந்தி சினிமா இதில் கொஞ்சம் முன்னால் போயிருக்கிறது. 2016-ல் வந்த 'கபூர் அண்ட் சன்ஸ்' நம் குன்னூரில் நடக்கும் கதை. 90 வயது தாத்தாவுக்காகக் குடும்பம் ஒன்றுசேர, 'குறையே இல்லாத' மூத்த மகன் (ஃபவாத் கான்) ஒளித்து வைத்த ரகசியம் அம்மாவுக்குத் தெரியவருகிறது. 2020 பிப்ரவரியில் வந்த 'சுப் மங்கள் ஜ்யாதா சாவ்தான்' முழு காமெடி. உறவுக்காரக் கல்யாணத்துக்குக் குடும்பமே ரயிலில் போகிறது. அந்த ரயிலில் தன் மகன் இன்னொரு ஆணுக்கு முத்தம் கொடுப்பதை அப்பா பார்த்துவிடுகிறார். அவர் ஒரு வேளாண் விஞ்ஞானி, கறுப்பு நிறக் காலிஃபிளவரைக் கண்டுபிடித்தவர்! இயற்கைக்கு மாறானது எது என்று அந்தக் காலிஃபிளவரை வைத்தே படம் கேள்வி கேட்கும். அமெரிக்கப் படத்துக்குக் கிறிஸ்துமஸ் எப்படியோ, இந்தியப் படத்துக்குக் கல்யாண வீடு அப்படி. எல்லோரும் கூடுகிற இடத்தில்தான் ரகசியம் உடையும்.

குமுளி மலைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்தது 'காதல் - த கோர்' (2023). கோட்டயம் மாவட்டத்துத் தீக்கோயியில் வாழும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம்; உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கும் கணவன் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லி மனைவி விவாகரத்து கேட்கிறார். மம்மூட்டி, ஜோதிகா. காமெடி இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. ஆனால், மாநில அரசின் சிறந்த படத்துக்கான விருதை வாங்கியது. அப்பாவும் மகனும் கட்டிக்கொண்டு அழும் காட்சிக்குத் தியேட்டரில் உறைந்து உட்கார்ந்தவர்கள் நிறைய.

அந்தப் படத்தின் இயக்குநர் ஜியோ பேபி வழங்கிய தமிழ்ப் படம்தான், 2025 காதலர் தினத்தன்று வந்த 'காதல் என்பது பொதுவுடமை'. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கம். மகள் சாம் (லிஜோமோள்) காதலிப்பதாகச் சொல்கிறாள். முற்போக்கான அம்மா லட்சுமி (ரோகிணி) சந்தோஷமாக, "வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வா" என்கிறார். ஒரு பையனும் ஒரு பெண்ணும் வருகிறார்கள். அம்மா அந்தப் பையனைத்தான் மருமகன் என்று நினைத்து விழுந்து விழுந்து உபசரிக்கிறார். சாம் காதலிப்பது கூட வந்த பெண்ணை! 'ஹேப்பியஸ்ட் சீசன்' காரில் தொடங்கிய கதையை இந்தப் படம் சாப்பாட்டு மேஜையில் தொடங்குகிறது. ஊருக்கெல்லாம் முற்போக்கு பேசிய அம்மா தன் வீட்டுக்குள் அது வரும்போது தடுமாறுவதை ரோகிணி அப்படியே கண்முன் கொண்டுவந்திருப்பார். பெரிய விளம்பரம் இல்லாமல் வந்து போன படம். கிடைத்தால் தவற விடாதீர்கள்.

'சுபம்' கார்டு எங்கே?

சினிமாவில் அப்பா தண்ணீர் பைப்பைத் திருப்பி மகன் மேல் பீய்ச்சினால் சிரிக்கலாம். நிஜத்தில் கதை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறது. 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள், பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்து உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். பெற்றோர் தரப்பில் காணவில்லை என்று புகார் கொடுத்திருந்தார்கள். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் செய்த காரியம் அபூர்வமானது. தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் தானே அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7-ம் தேதி உத்தரவில், இப்படிப்பட்ட ஜோடிகளை போலீஸ் தொல்லை செய்யக் கூடாது, 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை என்று வழிகாட்டுதல்கள் தந்தார். அதன் தொடர்ச்சியாக, அப்படிச் சிகிச்சை தருவது மருத்துவர்களின் தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. "நல்ல டாக்டரா பார்த்து மாத்திடலாம்" என்று யாராவது சொந்தக்காரர் யோசனை சொன்னால், இந்தத் தகவலைச் சொல்லுங்கள்.

2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் இதைக் குற்றமில்லை என்றது. 2023 அக்டோபர் 17-ல் அதே நீதிமன்றம், தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. அதனால்தான் இந்தியப் படங்களில் 'சுபம்' போடும் இடத்தில் டைரக்டர்கள் திணறுகிறார்கள். இந்திய வம்சாவளிக் குடும்பத்தை வைத்து எடுத்த 'எ நைஸ் இண்டியன் பாய்' என்ற அமெரிக்கப் படத்தில் மேளதாளத்தோடு கல்யாணமே நடத்த முடிகிறது. இங்கே கைகோத்து நடப்பதோடு ஃபேட் அவுட்.

2025 மே மாதம் இன்னொரு வழக்கு. பெற்றோர் பிடியில் இருந்த 25 வயதுப் பெண்ணை மீட்கக் கோரி அவருடைய தோழி போட்ட ஆட்கொணர்வு மனு. நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணை அவர் விருப்பப்படி போக அனுமதித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்று இல்லை என்றும் குறிப்பிட்டது. அந்தத் தீர்ப்பில் ஒரு அம்மாவும் வருகிறார். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாய், நீதிபதி லீலா சேத். மகன் யார் என்று தெரிந்தும் அவர் பக்கம் பகிரங்கமாக நின்றவர். எல்லாப் பெற்றோரும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்று நீதிமன்றம் அந்தப் பெண்ணின் தாயின் வேதனையையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. கவுன்சலிங், சட்ட உதவி, பெற்றோருக்கான வழிகாட்டல் தேடுவோருக்குச் சென்னையில் 'ஓரினம்' போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாகத் தமிழிலேயே எழுதியும் பேசியும் வருகின்றன.

வீரபாண்டித் திருவிழாவில் ஒரு படம்!

கிறிஸ்துமஸ் என்றால் கம்பம் பள்ளத்தாக்குக்கும் அந்நியமில்லை. ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி பக்கம் டிசம்பரில் போனால் வாசலுக்கு வாசல் ஸ்டாரும் குடிலும்தான். வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் நள்ளிரவுப் பூசைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். பனிக்குப் பதில் பள்ளத்தாக்கு மூடுபனி, வெளியே திராட்சைப் பந்தல். கேமராவை வைத்தால் போதும்.

அது வேண்டாம் என்றால் பழனிசெட்டிபட்டிக்கு அடுத்தே வீரபாண்டி இருக்கிறது. சித்திரையில் கௌமாரியம்மன் திருவிழா. திருப்பூரில் இருப்பவர், சென்னையில் இருப்பவர், இடுக்கி எஸ்டேட்டில் இருப்பவர் என்று எல்லோரும் வந்துசேரும் எட்டு நாள். தீச்சட்டி எடுப்பவர்கள், ராட்டினம், வளையல் கடை, வீடு நிறைய சொந்தக்காரர்கள், படுக்க இடமில்லாமல் மொட்டைமாடியில் வரிசையாகப் பாய். அந்த வரிசையில் கடைசியில் 'தம்பியோட ஃப்ரெண்டு'. ஒரு ரொமான்டிக் காமெடிக்கு இதைவிட என்ன செட் வேண்டும்?

நடிகர் தேர்வும் சுலபம். மகனுக்கே தெரியாமல் மாப்பிள்ளை பார்த்து வைக்கும் அம்மாவுக்கு ஊர்வசி. அந்த ரோலை அவர் ஊதித் தள்ளிவிடுவார். ஊர்ப் பிள்ளைகளை வைத்து வள்ளித் திருமணம் நாடகம் போடுகிறேன் என்று கலாட்டா செய்யும் அத்தைக்குக் கோவை சரளா. எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டே இருவரையும் சேர்த்துவைக்கும் அப்பாவுக்கு, 'கோவா' ஞாபகமாக, சம்பத். ஹீரோக்கள் இருவருக்கு மட்டும் இன்னும் யாரும் கால்ஷீட் தரவில்லை.